பொதுச் சூளை, தனி நுரையீரல்

1

'கிளினிக்கல் ரிசர்ச்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், 'மருத்துவ ஆராய்ச்சி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதாது. கண்ணாடிக் குழாயில் கிருமி வளர்ப்பதும் மருத்துவ ஆராய்ச்சிதான், எலிக்கு ஊசி போடுவதும் மருத்துவ ஆராய்ச்சிதான். 'கிளினிக்' என்பதன் வேர் 'கிளினே' என்ற கிரேக்கச் சொல். கட்டில் என்று அர்த்தம். கட்டிலில் கிடக்கிற மனுஷனின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவனுக்கு என்ன நடக்கிறது, எந்த மருந்துக்கு அவன் உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதுதான் கிளினிக்கல் ஆராய்ச்சி. ஒருவர் நிற்கிறார், ஒருவர் கிடக்கிறார். நிற்பவரின் பார்வை கிடப்பவரின் உடலை எப்படி அறிவாக மாற்றுகிறது, அந்த அறிவு எப்படி அதிகாரமாகிறது என்பதைத்தான் மிஷேல் ஃபூக்கோ 1963-ல் கிளினிக்கின் பிறப்பு பற்றிய தன் நூலில் எழுதினார்.

இன்னொரு சொல் 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்'. செய்தித்தாள்கள் இதை 'உள்கட்டமைப்பு' என்று எழுதி, மேம்பாலத்துக்கும் நாலுவழிச் சாலைக்கும் கொடுத்துவிட்டன. நம் விவாதங்களுக்குள் இந்தச் சொல் வேறு வழியாக வந்தது. அடிக்கட்டுமானம், மேற்கட்டுமானம் என்று எழுதி எழுதி நாம் தேய்த்துவிட்ட ஜோடியில் முதல் சொல் இதுதான். பிரெஞ்சில் அல்துஸ்ஸர் மல்லுக்கட்டியது 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்ற இதே சொல்லோடுதான்.

இரண்டையும் சேர்த்தால் ஒரு கேள்வி வருகிறது. மருந்து, ஊசி, ஆராய்ச்சிக் கட்டுரை, டாக்டரின் பெயர் எல்லாம் மேலே தெரிகிறவை. அவற்றுக்குக் கீழே இருக்கிற அடிக்கட்டுமானம் எது? அது யாருடையது? செராமிக்கை நம்பிப் பிழைக்கிற விருத்தாசலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது, கேள்வி வெறும் தத்துவமாக நிற்பதில்லை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், மருத்துவன் இல்லை. ஆனால் இது டாக்டர்கள் மட்டும் பேசித் தீர்க்கிற விஷயமும் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

2

விருத்தாசலம் என்றதும் இலக்கிய வாசகனுக்கு ஊர் ஞாபகம் வருகிறதோ இல்லையோ, ஆள் ஞாபகம் வரும். சொ. விருத்தாசலம், நம் புதுமைப்பித்தன். பிறந்தது 1906-ல், இதே கடலூர்ப் பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூரில். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார்.

அதே ஆண்டு அக்டோபர் 30-ல், நான்கே மாதம் கழித்து, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கட்டுரையை வெளியிட்டது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்ற சோதனையின் முடிவு அது. நவீன கிளினிக்கல் ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குவார்கள். 107 நோயாளிகள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாம் குழுவில் 14 பேரும் இறந்தார்கள்.

யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் முன்கூட்டியே குலுக்கல் முறையில் வரிசை போட்டு, மூடிய உறைகளில் வைத்துவிட்டார். எல்லோருக்கும் ஏன் கொடுக்கவில்லை என்றால், உலகப்போர் முடிந்த பிரிட்டனிடம் அமெரிக்காவிலிருந்து மருந்து வாங்க டாலர் இல்லை. பற்றாக்குறையையே நியாயமான ஒரு முறையாக மாற்றினார்கள்.

இந்தச் சோதனை ஒரே மருத்துவமனையில் நடக்கவில்லை என்பது நமக்கு முக்கியம். ஒரே இடத்தில் அவ்வளவு நோயாளிகள் ஒரே மாதிரியான நோயோடு கிடைக்க மாட்டார்கள். பல மருத்துவமனைகள் சேர வேண்டியிருந்தது. சேர்ந்தால் மட்டும் போதுமா? ஒரு டாக்டர் 'தேறிவிட்டான்' என்று எழுதுவதும் இன்னொருவர் 'பரவாயில்லை' என்று எழுதுவதும் ஒன்றா? அதனால் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரியான படிவம் போட்டார்கள். எக்ஸ்ரே படங்களை, எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாத ஒரு குழு தனியாக உட்கார்ந்து படித்தது. பொதுப் படிவம், பொதுக் குலுக்கல், பொதுவான கண். இவை மூன்றும் ஒரு தனி டாக்டருக்கோ ஒரு தனி மருத்துவமனைக்கோ சொந்தமில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய உண்மை இந்தப் பொதுச் சொத்தின் மேல்தான் நின்றது.

3

எட்டு வருஷம் கழித்து இந்த முறை சென்னைக்கு வந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்ககால இயக்குநர்.

அப்போதைய நம்பிக்கை இது: காசநோய்க்காரனைச் சானட்டோரியத்தில் சேர்க்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு இல்லாமல் மருந்து மட்டும் பிரயோஜனப்படாது. இந்த நம்பிக்கை உண்மையென்றால் இந்தியா மாதிரி நாட்டில் லட்சக்கணக்கான ஏழைகள் செத்துப்போக வேண்டியதுதான். அவ்வளவு பேருக்குக் கட்டில் இல்லை. அதனால் சென்னை மையம் ஒரு கேள்வி கேட்டது. நெருக்கடியான குடிசையில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும்? நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வீட்டிலும் பாதிப் பேரைச் சானட்டோரியத்திலும் வைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் அதே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வந்தது. நோய் அடங்கியவர்கள் சானட்டோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றியதா என்று ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை.

உலகம் முழுக்கச் சானட்டோரியங்கள் காலியாவதற்கு இந்தச் சென்னை முடிவு ஒரு முக்கியக் காரணம். நான் இதைத் தமிழ்நாட்டுப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. இதைச் சாத்தியமாக்கியது எது என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிற பெண்கள், ஆண்கள். 'ஹெல்த் விசிட்டர்' என்று பெயர். சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் வாங்கிவருவார்கள். நோயாளி குடிசையை மாற்றிக்கொண்டு போனால் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அடுத்தது சளியில் கிருமி வளர்த்துப் பார்க்கிற ஆய்வுக்கூடம், சென்னையிலேயே. மூன்றாவது, யார் எங்கே இருக்கிறார், எந்த மாதம் என்ன ஆனார் என்று சொல்கிற பதிவேடு. இந்த மூன்றும் அந்த ஒரு சோதனையோடு கலைக்கப்படவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை நேரில் பார்த்து மருந்து கொடுத்தாலே போதும் என்று 1964-ல் காட்டியதும் அதே அடிக்கட்டுமானம்தான். 1968-ல் திருவள்ளூர்ப் பக்கத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்துத் தொடங்கிய பிரம்மாண்டமான பி.சி.ஜி. சோதனையைத் தாங்கியதும் இதே வழிமுறைகள்தான். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை 15 வருஷத் தொடர்ச்சியோடு 1999-ல் சொல்ல முடிந்ததென்றால், காரணம் அந்தப் பட்டியல்தான். அதே ஆண்டு, அதே திருவள்ளூரில், நேரில் மருந்து கொடுக்கும் திட்டத்துக்கு மாதிரிப் பகுதி அமைக்கப்பட்டது. 2011 முதல் சேத்துப்பட்டு மையத்துக்கு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

ஆக, கிளினிக்கல் ஆராய்ச்சியின் அடிக்கட்டுமானம் என்று நான் சொல்வது மூன்று விஷயங்களை: ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு பொது அளவுகோல், திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்குப் போகிற ஆள். கட்டடமும் கம்ப்யூட்டரும் இதற்குப் பிறகு.

4

இனி நம் ஊருக்கு வருவோம்.

செராமிக் தொழிலுக்கு மூன்று பொருள் வேண்டும். களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ். நம் ஆட்கள் வெங்கச்சங்கல் என்று சொல்வது இந்தக் குவார்ட்ஸைத்தான். பாடப்புத்தகக் கணக்கில் பாதி களிமண், மீதியில் சரிபாதி மற்ற இரண்டும். களிமண்ணுக்கு நெய்வேலி பக்கம். பியூஸ் கட்டை, இன்சுலேட்டர், பொம்மை, அகல்விளக்கு என்று வேறு வேறாக வெளியே போனாலும் உள்ளே இருப்பது இதே கலவைதான்.

சிட்கோவின் செராமிக் தொழிற்பேட்டை எதற்காக வந்தது? ஒரு சின்னப் பட்டறைக்காரர் தனக்கென்று அரைக்கிற மில்லும் பெரிய சூளையும் போட முடியாது. மண் தயாரிப்பதையும் சுடுவதையும் சோதித்துப் பார்ப்பதையும் பொதுவில் வைத்தால், கையில் நாலு அச்சும் நாலு ஆளும் இருக்கிறவர்கூடத் தொழில் நடத்தலாம். இப்படிப்பட்ட பேட்டைகளின் கணக்கு இதுதான். 'பகிர்ந்துகொள்ளும் வளம்' என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதன் பொருள் செராமிக்கில் வேலை பார்த்த யாருக்கும் புதிதில்லை. செராமிக் படிப்புக்கென்றே ஒரு பயிலகமும் ஊரில் உண்டு. அரைத்த மாவின் துகள் எவ்வளவு பொடி என்று பார்ப்பது அந்தப் படிப்பின் அரிச்சுவடி.

துகள் அளவு பொருளுக்காகப் பார்க்கப்படுகிறது. அதே துகள் மூச்சுக்குள் போனால்? தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மைக்ரானுக்குக் கீழே இருக்கிற சிலிக்காத் தூள் மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் கடைசி அறைவரை போகும். அங்கே இருக்கிற காவல் செல்கள் அதை விழுங்கும். கிருமியென்றால் செரித்துவிடும், கல்லை எப்படிச் செரிப்பது? செல் செத்துப்போகும், தூள் வெளியே வரும், இன்னொரு செல் விழுங்கும். அந்த இடமெல்லாம் தழும்பாகும். இதுதான் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் 10, 20 வருஷம் கழித்துத்தான் தெரியும். வேலையை விட்ட பிறகும் வளரும். தழும்பை மாற்ற மருந்து கிடையாது. ஈர மண்ணைப் பிசையும்போது ஆபத்து குறைவு. உலர்ந்த கல்லை அரைக்கும்போது, காய்ந்த பொருளில் பிசிறு சீவும்போது, சாயங்காலம் பட்டறையைப் பெருக்கும்போது ஆபத்து அதிகம். பெருக்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பிசிறு சீவியே வயதாகிப்போன ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "டீபின்னாங்க தம்பி, ஆறு மாசம் மாத்திர முழுங்கனன். எளப்பு போவல. மறுபடியும் போனா மறுபடியும் அதே மாத்திரதான்" என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா என்றேன். "அத எதுக்கு கேக்கப் போறாங்க?" என்றார்.

அவருக்கு இருப்பது எது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அவருடைய பதில் கேள்வியாகவே வந்ததில் ஒரு முழுக் கோட்பாடு இருக்கிறது. சிலிக்கோசிஸும் காசநோயும் எக்ஸ்ரேயில் ஒன்றைப் போல ஒன்று தெரியக்கூடியவை. பிரித்தறிய டாக்டருக்கு முதலில் வேண்டியது விலை உயர்ந்த கருவி இல்லை. 'என்ன வேலை, எத்தனை வருஷம்?' என்ற கேள்வி.

அடுத்து வேண்டியது அளவுகோல். இதுவும் உலகத்தில் தயாராக இருக்கிறது. 1930-ல் ஜோகன்னஸ்பர்க்கில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு மாநாடு கூட்டியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலையும் இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலையும் எப்படி ஒப்பிடுவது என்பது அங்கே ஒரு பிரச்சினை. அதிலிருந்து தொடங்கி, பலமுறை திருத்தப்பட்டு, மாதிரி எக்ஸ்ரே படங்களின் ஒரு தொகுப்பு உருவானது. தொழிலாளியின் படத்தையும் மாதிரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளிகளின் அடர்த்தியை 12 படிகள் கொண்ட ஒரு வரிசையில் குறிக்க வேண்டும். ஏன் இவ்வளவு பாடு? வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடையே வேலை செய்த ஆர்ச்சி காக்ரனும் அவருடைய சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் வேறு வேறாகப் படிக்கிறார்கள். ஒரே டாக்டரே இரண்டு நாளில் வேறு வேறாகப் படிக்கிறார். கண் நம்பத் தகுந்ததில்லை, கண்ணுக்கு ஒரு பொதுத் துணை வேண்டும். தூசி நுரையீரலிலிருந்து இந்தப் பாடத்தைக் கற்ற மனுஷனின் பெயரில்தான் 1993-ல் 'காக்ரன் கூட்டமைப்பு' தொடங்கியது. உலகில் நடந்த சோதனைகளையெல்லாம் தேடித் தொகுத்து, எது உண்மையில் பயன் தருகிறது என்று சொல்கிற அமைப்பு. அதன் தெற்காசிய மையம் வேலூர் சி.எம்.சி.யில் அமைந்தது.

5

அளவுகோல் இருக்கிறது. பட்டியல்?

இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றிய ஆரம்பகால ஆய்வுகள் கோலார் தங்கவயலிலிருந்து 1930, 40-களில் வந்தவை. குழிக்குள் இறங்கியவர்களில் நிறையப் பேர் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்த் தலித்துகள். அங்கே எப்படி எண்ண முடிந்தது? ஒரே நிர்வாகம், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வருகைப் பதிவேடு. வெள்ளைக்காரக் கம்பெனி தன் லாபத்துக்காக வைத்திருந்த பெயர்ப் பட்டியலே நோயின் பட்டியலாகவும் ஆனது. பெரிய மூலதனம் தன் தொழிலாளியைச் சுரண்டுவதற்காகவாவது எண்ணியது. சின்னச் சின்னக் கொட்டகைகளாகச் சிதறிய தொழிலில் அந்த எண்ணிக்கையும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. நோயைக் கண்ட டாக்டர் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் சிலிக்கோசிஸ் இருக்கிறது. ஆனால் எது தொழிற்சாலை? பழைய சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர், இல்லாமல் 20 பேர். புதிய சட்டம் அதை 20, 40 என்று இரட்டிப்பாக்கியது. அதன் பொதுவான பாதுகாப்பு விதிகளும் 10 பேரிலிருந்துதான் தொடங்குகின்றன. நாலு அச்சும் நாலு ஆளும் இருக்கிற பட்டறை சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது. விளிம்புநிலை என்று நாம் எழுதுகிறோமே, அதன் எல்லைக்கோடு சில சமயம் இப்படி ஒரு எண்ணாக இருக்கிறது.

பட்டியல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். வருமுன் மாத்திரை கொடுத்துத் தடுக்கலாமா? 1992-ல் ஒரு சோதனையின் முடிவு வெளியானது. ஹாங்காங்கில் சிலிக்கோசிஸ் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குக் காசநோய் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 13 சதவீதம். அந்தக் கட்டுரையை வெளியிட்டது மூன்று அமைப்புகள்: ஹாங்காங் மார்புநோய்ச் சேவை, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மூன்றாவது நம் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம்.

யோசித்துப் பாருங்கள். சென்னையின் அறிவு கடல் தாண்டிப் போய் ஹாங்காங் கல்லுடைப்பவரின் நுரையீரலைப் பார்த்தது. ஏன் அங்கே? அங்கே தூசி நோயாளிகளுக்கென்று கிளினிக் இருந்தது. கட்டுமானத் தொழிலிலும் கல்குவாரியிலும் வரி வசூலித்து நடத்தும் இழப்பீட்டு நிதி 1981 முதல் இருந்தது. நோய் நிரூபணமானால் பணம் உண்டு என்றால் ஆட்கள் தாங்களாக வந்து பெயர் கொடுப்பார்கள். தொழிலாளியின் உரிமைக்காக வைத்த பட்டியல் ஆராய்ச்சிக்கும் உதவுகிறது. ராஜஸ்தானில் கல் தொழிலாளர் அமைப்புகளின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 2019-ல் அரசு தூசி நோய்க் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று வைத்து, இணையத்தில் பதிவேடும் தொடங்கியது. அங்கேயும் வரிசை இதுதான்: முதலில் உரிமை, அதிலிருந்து பட்டியல்.

ஹாங்காங் முடிவு காகிதத்தில் நம் ஊருக்கும் வந்துவிட்டது. காசநோய்த் தடுப்பு மாத்திரை பற்றிய இந்திய அரசின் 2021 வழிகாட்டுதல் சிலிக்கோசிஸ் உள்ளவர்களையும் சோதித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியவர்களில் சேர்த்திருக்கிறது. ஆனால் யாருக்குக் கொடுப்பது? பட்டியலில் பெயர் இருந்தால்தானே மாத்திரை வரும்?

6

இந்த இடத்தில் தோழர்கள் கோபப்படுவார்கள், கோபம் நியாயமானது. "சனங்களைச் சோதனை எலி ஆக்குவதற்கா கட்டுமானம் கேட்கிறாய்?" 2009-ல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட விவகாரம் மறக்கக் கூடியதில்லை. பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் அது நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. பட்டியலும் கண்காணிப்பும் அதிகாரத்தின் கருவிகள் என்பது ஃபூக்கோவைப் படிக்காதவருக்கும் தெரியும். எக்ஸ்ரேயில் புள்ளி தெரிகிறது என்ற தகவல் முதலாளி கைக்குப் போனால், மறுநாள் வேலை போய்விடும்.

ஆனால் எண்ணப்படாமல் விடுவதும் ஓர் அதிகாரம்தான். ஒரு உடலைக் கண்காணித்து ஒடுக்கலாம், பார்க்காமலே விட்டும் சாகடிக்கலாம். செராமிக் தொழிலாளிக்கு நடப்பது இரண்டாவது. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பீங்கான் ஊரில் இந்த நோய்க்குக் குயவர் அழுகல் என்றே பெயர் இருந்தது. சூளையில் பாத்திரம் அடுக்கப் பயன்படுத்திய சிலிக்காத் தூளுக்கு 1947-ல் விதி போட்டுத் தடை செய்தார்கள், பதிலுக்கு அலுமினா வந்தது. பல பத்தாண்டுகள் செத்தவர்களை எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்த விதி வந்தது.

ஆகவே சண்டை போட வேண்டியது பட்டியல் வேண்டுமா வேண்டாமா என்பதற்காக இல்லை, பட்டியலின் சாவி யாரிடம் என்பதற்காக. சாவியின் சில பாகங்கள் ஏற்கனவே நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இந்தியாவில் மருந்துச் சோதனை நடத்துகிறவர்கள் 2007-ல் தொடங்கிய தேசியப் பதிவகத்தில் அதைப் பதிய வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். யார் பணம் போடுகிறார்கள், எந்த ஆஸ்பத்திரியில் நடக்கிறது, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. அந்த நாற்காலியில் யார் உட்கார்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா? ஓய்வுபெற்ற அதிகாரிக்குப் பதிலாக ஒரு செராமிக் தொழிலாளி உட்காரலாம், சட்டம் தடுக்கவில்லை.

7

என்ன செய்யலாம் என்று ஐந்து விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் வேலை என்ற ஒரு கட்டம். கூலி என்று ஒரே சொல்லில் முடிக்காமல் அரைப்பு, சீவுதல், கிளேஸ், சூளை, எத்தனை வருஷம் என்று இருக்க வேண்டும்.

இரண்டு, எடுத்த எக்ஸ்ரேயை நோயாளி கையில் கொடுத்து மறந்துவிடாமல் ஒரு பிரதி வைப்பது. மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பது. அரசு எடுத்துக்கொண்ட அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. படிக்கிறவர் விருத்தாசலத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை, படம் போனால் போதும்.

மூன்று, மூச்சை ஊதிப் பார்க்கும் கருவியும் சளிச் சோதனையும் ஒரே நாளில், ஒரே இடத்தில். காசநோயா தூசியா இரண்டுமா என்று பிரிக்க இது வேண்டும். ஒரு நாள் கூலி போகாமல் இருக்க, வார விடுமுறையில்.

நான்கு, தூசியை அளப்பது. துகளை அளக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் உண்டு. மாவை அளக்கிறவர்கள் காற்றையும் அளக்கக் கற்கலாம். எந்த வேலையில் எவ்வளவு தூசி என்பது தெரியாமல் நுரையீரல் பட்டியல் மட்டும் இருந்தால், நோயாளிகள் தெரிவார்கள், நோய் வரும் இடம் தெரியாது.

ஐந்து, பெயர் தனியே, தகவல் தனியே. ஆராய்ச்சிக்காரருக்கு எண் மட்டும் போகும். பெயரும் எண்ணும் சேர்கிற ஏடு ஒரு குழுவிடம் இருக்கும், அதில் தொழிலாளிகள் பாதிக்குக் குறையாமல் இருப்பார்கள். முதலாளி யாரும் பார்க்க முடியாது. ஒவ்வொரு ஆய்வின் முடிவும் முதலில் தொழிலாளிகளுக்குத் தமிழில் சொல்லப்பட வேண்டும், பிறகு பத்திரிகைக்குப் போகட்டும்.

இந்த ஐந்தாவதில்தான் எழுதுகிறவர்களாகிய நமக்கு வேலை இருக்கிறது. 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைத் தொகுத்த கண்மணி குணசேகரன் இந்த மண்ணின் ஆள். சனங்களின் வாயில் புழங்கும் சொல்லைச் சேகரித்து, பொருள் எழுதி, எல்லோருக்கும் பொதுவாக வைக்கிற வேலை அது. நோயாளியின் வாயில் இருக்கிற சொற்களுக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். எளப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சடைப்பு, மாரு கட்டிக்கிட்டது எல்லாம் ஒரே நோய்க்குறியா, வேறு வேறா? ஆங்கிலக் கேள்வித்தாளைப் பாடநூல் தமிழில் பெயர்த்துக்கொண்டு வந்து கேட்டால், அந்த அம்மாவிடமிருந்து தப்பான பதில்தான் வரும். கேள்வித்தாளும் அடிக்கட்டுமானத்தின் ஒரு பகுதி. சம்மதப் படிவம் இன்னொரு பகுதி. அதை வாசித்ததும் ஒரு தொழிலாளிக்கு 'முடியாது' என்று சொல்லவும் உரிமை உண்டு என்பது விளங்க வேண்டும். அப்படி ஒரு பக்கம் எழுத மருத்துவப் பட்டம் தேவையில்லை, தமிழ் தெரிந்தால் போதும்.

தொழிற்சங்கத் தோழர்கள் முதல் கட்டத்தை நாளைக்கே தொடங்கலாம். ஓ.பி. சீட்டில் அந்தக் கட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சங்க உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன நோட்டுப் போடலாம். எந்தப் பட்டறை, என்ன வேலை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை, கடைசியாக எக்ஸ்ரே எடுத்தது எப்போது. இவ்வளவு போதும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், டாக்டர் கேட்காவிட்டாலும் மேசைமேல் வைக்க வேண்டும்.